எலிப்பூச்சி எங்கே இருக்கிறது?



இந்த மாத இதழைக் கடற்கரைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். கடல் என்றதும் திமிங்கிலம், ஓங்கில், ஆமை என்று பெரிய உயிர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த முறை கடலின் அடியில் கிடக்கும் சின்ன உயிர்களுக்கு இடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். மணலுக்குள்ளும் சேற்றிலும் பாறை இடுக்கிலும் வாழ்கிற, நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தக்காரர்களான குட்டி ஓட்டுடலிகள் அவை. பலவும் விரல் நகத்தைவிடச் சிறியவை.

இவற்றில் எது எந்தக் கரையில் இருக்கிறது, எந்தக் கரையில் இல்லை என்று எழுதி வைப்பது மிக எளிய வேலையாகத் தெரியும். அந்த வேலைக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஒரு கரைக்கு நாம் செய்யக்கூடிய உதவிகளில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சென்னையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் கணுக்கால் நனைய நின்றவர்களுக்கு எலிப்பூச்சியைத் தெரிந்திருக்கும். அலை வடிகிற நேரத்தில் காலடி மணல் குறுகுறுக்கும். குனிந்து ஒரு கை மணலை அள்ளினால், முட்டை வடிவில் சாம்பல் நிற ஓடு போர்த்திய ஒன்று உள்ளங்கையைப் பின்பக்கமாகத் தோண்டப் பார்க்கும். பயப்பட வேண்டாம், கடிப்பதற்கு இதற்குக் கொடுக்கு கிடையாது. முன்னோக்கி நடக்கவும் தெரியாது. நீந்துவது, புதைவது எல்லாமே பின்பக்கமாகத்தான். கீழே விட்டால் கண் இமைப்பதற்குள் மணலுக்குள் இறங்கி, நூல் போன்ற தண்டுகளின் நுனியில் இருக்கும் கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். முகம் கடலைப் பார்த்திருக்கும். ஏறி வந்த அலை திரும்பி வடியத் தொடங்கியதும் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகளை நீரில் விரிக்கும். வடிகிற நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்கள் அதில் சிக்கும். கொம்பைச் சுருட்டி வாய்க்குள் இழுத்து வழித்துத் தின்றுவிட்டு, அடுத்த அலைக்குத் தயாராகிவிடும். ஓதம் ஏறினால் கூட்டம் மொத்தமும் கரைப்பக்கம் நகரும். வற்றினால் கூடவே இறங்கிப் போகும்.

சென்னைக் கரையில் வாழும் எலிப்பூச்சி இனத்துக்கு எமெரிட்டா ஏசியாட்டிகா என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. சுப்ரமணியம் இதன் இனப்பெருக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சில மில்லிமீட்டர் அளவிலேயே ஆணாக முதிர்ந்துவிடும் எலிப்பூச்சி, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது என்று 1981இல் எழுதினார். உலகின் கண் முன்னால் அந்த உண்மையை வைத்தது, மாலையில் நாம் சுண்டல் வாங்கிச் சாப்பிடும் அதே மணல்தான்.

உலகம் முழுவதும் எமெரிட்டா பேரினத்தில் ஏறத்தாழப் பத்து இனங்கள் இருக்கின்றன. இவற்றுள் நெடுங்காலமாகவும் நீண்ட கரையிலும் பின்தொடரப்பட்ட ஒன்று, அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையில் வாழும் எமெரிட்டா அனலோகா. நம் எலிப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் போனவர்கள் கற்றுக்கொண்டதை விரிவாகச் சொல்கிறேன். நம் கரைக்கு நாம் என்ன செய்யலாம் என்பதற்கு அந்தக் கதையில் விடை இருக்கிறது.

எமெரிட்டா அனலோகா வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை காணப்படுகிறது. அதற்குக் கீழே கரை தொடர்கிறது, மணலும் அலையும் தொடர்கின்றன, ஆனால் இந்த இனம் நின்றுவிடுகிறது. பிறகு நிலநடுக்கோட்டைக் கடந்து பெருவில் மறுபடி தலைகாட்டி, சிலி வழியாக அர்ஜென்டினாவின் தென்முனை வரை போகிறது. நடுவில் இருக்கும் வெப்பக் கரையில் எமெரிட்டா ரத்புனே என்ற வேறோர் இனம் குடியிருக்கிறது. கலிபோர்னியாவிலும் பெருவிலும் கரையோரம் குளிர்ந்த நீர் ஓடுகிறது. இடையில் இருப்பது வெதுவெதுப்பான கடல். ஆக, ஓர் இனம் வாழும் ஊர்களின் பட்டியலை வைத்துக்கொண்டே கடலின் வெப்பத்தை ஓரளவு சொல்லிவிடலாம். வெப்பமானியைக் கண்ணால் பார்த்திராத கரையிலும் இது நடக்கும்.

ஆனால் வெப்பம் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஓர் உயிர் தன் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்பதும் அது எந்த ஊரில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. எலிப்பூச்சித் தாய் ஆயிரக்கணக்கான முட்டைகளை வயிற்றுக்கடியில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. பெரிய தாய் ஒன்று 45,000 முட்டைகள் வரை சுமப்பதுண்டு. ஒரு மாதம் போலச் சுமந்த பிறகு அவை பொரிந்து கடலுக்குள் போய்விடும். தாய் மணலிலேயே இருக்க, லார்வாக்கள் நான்கு மாதம் போல நீரோட்டத்தோடு மிதந்து திரிகின்றன. அதற்குள் நீரோட்டம் அவற்றை எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதுதான் அவற்றின் ஊர். பிறந்த கரைக்கே திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதை வைத்து இயன் எஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1970இல் ஒரு கேள்வி எழுப்பினார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் அதற்கு வடக்கேயும் இருக்கும் கரைகளில் எலிப்பூச்சி சில ஆண்டுகள் தென்படும், சில ஆண்டுகள் காணாமல் போய்விடும். அங்கே இருப்பவை அந்தக் கரையின் பிள்ளைகள்தாமா? தெற்கிலிருந்து நீரோட்டம் கொண்டுவந்து இறக்கியவையே அவை என்று அவர் வாதிட்டார். அங்கே அவை வளரும், முட்டையும் இடும். ஆனால் அந்தக் குஞ்சுகள் வேறெங்கோ அடித்துச் செல்லப்பட்டுவிடும். தெற்கிலிருந்து புது வரவு நின்றால் அந்தக் கரை வெறிச்சோடிப் போகும். 1997-98இல் எல் நினோ வலுத்து நீரோட்டம் வடக்கு நோக்கித் தள்ளியபோது, ஓரிகன் கடலில் எலிப்பூச்சி லார்வாக்கள் வந்து சேர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு கரையில் ஓர் உயிர் கூட்டமாக இருக்கிறது என்பதாலேயே அந்தக் கரை அதற்குப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. அதன் தாய்க்கரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அங்கே கெட்டால் இங்கேயும் அற்றுப்போகும்.

இதற்கு நேர்மாறான வாழ்க்கை வாழும் உறவினர்கள் அதே கலிபோர்னியா மணலில் இருக்கிறார்கள். ஓதம் ஏறும் எல்லைக்கு அருகில், கரை ஒதுங்கிய கடற்பாசிக்கு அடியில் வாழும் ஐசோபாட் இனங்கள் இரண்டு: டைலோஸ் பங்க்டேடஸ், அலோனிஸ்கஸ் பெர்கான்வெக்சஸ். நம் வீட்டுத் தோட்டத்தில் பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் பல கால்களோடு ஓடும் சாம்பல் நிறப் பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். பகலில் மணலுக்குள் புதைந்திருந்து, இரவில் வெளியே வந்து ஒதுங்கிய பாசியைத் தின்னும். இவற்றின் தாய் முட்டைகளைக் கடலில் விடுவதில்லை. வயிற்றோடு ஒட்டிய ஒரு பையில் வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் பெரியவற்றின் உருவத்திலேயே வெளியே வந்து, தாய் வாழ்ந்த மணலிலேயே வாழத் தொடங்கும். இவற்றுக்கு இறக்கை இல்லை. கடலில் மிதந்து பயணம் போகும் பருவமும் இல்லை.

அதனால் ஒரு கரையில் இவை அழிந்தால் பக்கத்துக் கரையிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. தென் கலிபோர்னியாவில் அதுதான் நடந்தது. உல்லாசக் கடற்கரைகளைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரங்களைக் கொண்டு பாசியை வாரி, மணலைக் கிளறிச் சமப்படுத்தினார்கள். இவற்றின் உணவும் வீடும் ஒரே வாரலில் போயின. இன்னும் பல இடங்களில் தடுப்புச் சுவர்கள் எழும்பி, கரையின் மேற்பகுதியே இல்லாமல் போனது. சான்டா பார்பராவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹப்பார்டும் ஜெனிஃபர் டூகனும் தம் குழுவோடு 1905 முதலான பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, அந்த இடங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, இந்த இரண்டு உயிர்களும் வாழ்ந்த இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அவை அற்றுப்போனதைக் காட்டியது. குப்பை இல்லாமல் பளிச்சென்று இருந்த கரைகள்தாம் அவை. குளிக்க வந்த யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு பூச்சியைப் பிடித்து, பிடித்த கரையின் பெயரைச் சீட்டில் எழுதிச் சாராயப் புட்டியில் போட்டு வைத்திருக்காவிட்டால், இந்த இழப்பு நடந்ததற்குச் சாட்சியே இருந்திருக்காது.

எலிப்பூச்சி இன்னொரு வகையிலும் சாட்சி சொல்லியிருக்கிறது. 1971இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ராபர்ட் பர்னெட் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவின் 19 கடற்கரைகளில் எலிப்பூச்சிகளைச் சேகரித்து, அவற்றின் உடலில் டிடிடி பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். வயல்களுக்கு அடித்த மருந்து ஆறுகள் வழியே கடலுக்கு வருகிறது, ஆற்று முகத்துவாரத்தில்தான் அது அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளவு காட்டியது வேறு. லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டத்தின் கழிவுநீர்க் குழாய் கடலில் திறக்கும் இடத்துக்கு அருகில் வாழ்ந்த எலிப்பூச்சிகளில், பெரிய விவசாய வடிகால்களுக்கு அருகில் வாழ்ந்தவற்றைவிட 45 மடங்குக்கு மேல் டிடிடி இருந்தது. அந்தக் கழிவுநீர் அமைப்பில் டிடிடி தயாரிக்கும் ஆலை ஒன்றின் கழிவும் கலந்துகொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் தென் கலிபோர்னியாக் கடலில் இருக்கும் அனகாபா தீவில் டிடிடியால் பழுப்புக் கூழைக்கடாக்களின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே நொறுங்கியது. 1970இல் அந்தத் தீவில் ஒரே ஒரு குஞ்சுதான் தேறியது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது.

எலிப்பூச்சி நாள் முழுக்கக் கடல்நீரைச் சலித்துத் தின்னும். வளர்ந்த பின் நீந்தி வேறு கரைக்கு ஓடிவிடாது. நீரில் இருப்பது உடலில் சேரும். அதனால்தான் எந்தக் கரையில் எடுத்தோம் என்று எழுதி வைத்தால் அதன் உடலே அந்தக் கரையின் மருத்துவ அறிக்கை ஆகிறது. இடம் எழுதாத மாதிரிக்கு ஒரு மதிப்பும் இல்லை.

இடத்தை எவ்வளவு துல்லியமாக எழுத வேண்டும் என்பதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊரில் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1931 முதல் 1933 வரை வில்லிஸ் ஹெவாட் என்ற ஆராய்ச்சி மாணவர் அங்கே கடலோரப் பாறையில் ஒரு கோடு வகுத்து, பித்தளை ஆணிகளை அடித்து, சதுரம் சதுரமாக எந்த உயிர் எத்தனை என்று எண்ணி எழுதினார். கொட்டலசு, சிறு நண்டு, நத்தை, கடல் தாமரை எதையும் விடவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு இளம் மாணவர்கள் அந்தப் பாறைகளில் தேடி ஆணிகளைக் கண்டுபிடித்தார்கள். அதே இடத்தில், அதே முறையில் மறுபடி எண்ணினார்கள். வெதுவெதுப்பான தென்கடலுக்குரிய ஒன்பது இனங்களில் எட்டு பெருகியிருந்தன. குளிர்ந்த வடகடலுக்குரிய எட்டு இனங்களில் ஐந்து குறைந்திருந்தன. அந்த அறுபது ஆண்டுகளில் கரையோர நீரின் சராசரி வெப்பம் 0.75 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 1995இல் இந்த முடிவு வெளியானபோது, கடல் சூடாவதற்கு உயிர்கள் ஏற்கெனவே பதில் சொல்லத் தொடங்கிவிட்டதைக் காட்டிய முதல் சான்றுகளில் ஒன்றாக அது அமைந்தது. ஹெவாட் பருவநிலை மாற்றத்தைப் பற்றி யோசித்து எண்ணவில்லை. இருப்பதை நேர்மையாக எண்ணி, எண்ணிய இடத்தை யாரும் திரும்பக் கண்டுபிடிக்கும்படி விட்டுச் சென்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று கலிபோர்னியாவில் லிம்பெட்ஸ் என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் ஆசிரியர்களோடு கடற்கரைக்குப் போய் எலிப்பூச்சி எண்ணுகிறார்கள். மணலில் கோடு போட்டு, குழாயைச் செருகி மணலை எடுத்து, வலைப்பையில் அலசி, ஆணா பெண்ணா, முட்டை சுமக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிறார்கள். அவர்கள் சேர்த்த கணக்கை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் கடல் ஆண்டுக்கு இருமுறை திசை மாறி ஓடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. எந்த மாதத்தில் பொரிந்த எலிப்பூச்சி லார்வா எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால், முதல் விடையைச் சொல்லக்கூடியவர்கள் மீனவப் பெரியவர்கள்தாம். மணலும் அப்படியே பயணம் போகிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கிலிருந்து வந்த மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்து, கல் கொட்டும் நிலை வந்தது. எலிப்பூச்சிக்கு அலை புரளும் மணல் வேண்டும். கல் கொட்டிய இடத்தில் அது புதைய முடியாது. அடுத்தடுத்து இருக்கும் குப்பங்களிலேயே ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது என்ற நிலையை நாமே உண்டாக்கிவிட்டோம்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்த கசடைத் தன்னார்வலர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளிய காட்சியை நாம் மறந்திருக்க முடியாது. எண்ணெய் தெற்கே பல கரைகளுக்குப் பரவியது. இப்படி ஒன்று நடக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, நேற்று வரை இந்த மணலில் என்ன இருந்தது என்பது. அந்தக் கேள்விக்கு ஊர் ஊராக, மாதம் மாதமாக விடை எழுதி வைத்திருந்தால்தான் இழப்பைச் சொல்ல முடியும். இழப்பீடு கேட்க முடியும். கரை தேறி வருகிறதா என்று பார்க்கவும் முடியும். வாழ்வாதாரம் போனதை மீனவர் எடுத்துச் சொல்வார். மணலுக்குள் இருப்பதற்கு நாம்தான் பேச வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழவேற்காடு முதல் குமரி வரை, யாழ்ப்பாணம் முதல் மட்டக்களப்பு வரை, கடலுக்குப் பக்கத்தில் வாழும் நம் வாசகர்கள் நிறையப் பேர். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், கடல் அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்து, அலை வடியும் மணலைக் கொஞ்சம் அலசிப் பாருங்கள். குப்பத்தின் பெயர், கரையில் திரும்ப அடையாளம் காணக்கூடிய ஒரு கட்டடமோ கோயிலோ தேவாலயமோ, தேதி, அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ எத்தனை நாள் முன்பின், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா, மணல் நைஸா சொரசொரப்பா, எத்தனை எலிப்பூச்சி, எத்தனையில் முட்டை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பார்த்து முடித்ததும் ஈர மணலிலேயே விட்டுவிடுங்கள். குழந்தைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். அலையை அறிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். ஒன்றுமே கிடைக்காத நாளிலும் மறக்காமல் ‘இல்லை’ என்று எழுதுங்கள். இருப்பதைக் காட்டும் பதிவுக்கு எவ்வளவு மதிப்போ, இல்லாததைக் காட்டும் பதிவுக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. அந்த ஊரில் எலிப்பூச்சிக்கு என்ன பெயர் என்றும் விசாரித்து எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும் பெயர்களும் நம் சொத்துதான்.

அடுத்த இதழ் முதல் வாசகர்களின் கரைக் குறிப்புகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். பள்ளி ஆசிரியர்கள் வகுப்பாகச் சேர்ந்து அனுப்பினால் மாணவர்களின் பெயர்களோடு வெளியிடுவோம். வருகிற குறிப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திப் பாதுகாத்து, கேட்கும் ஆய்வாளர் எவருக்கும் கட்டணமின்றிக் கொடுப்போம். பசிபிக் குரோவில் ஒரு மாணவர் அடித்த ஆணி அறுபது ஆண்டுகள் கழித்துப் பேசியது. நம் கரைகளில் 2080இல் மணலைக் கிளறிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் இன்று இந்தக் கரைகளில் வாழ்கிற நாம் மட்டுமே. உங்கள் முதல் குறிப்பை இந்த மாதமே எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்